முகம் வைக்க ஒரு பொட்டி

கம்பத்திலும் சுத்துப்பட்டியிலும் ஒரு ஆள் செத்துப்போனால், குழி வெட்ட ஆள் போகிறதுக்கு முந்தி போட்டோவுக்கு ஆள் போகும். கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும், அதுவும் மதியத்துக்குள். உயிரோடு இருந்தபோது அந்த மனுசனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்காதவன்கூட, பேனரில் தன் பேரை எந்த வரியில் போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பான். அது கிடக்கட்டும். பேர் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், முகம் வேண்டுமே? வீட்டில் தேடினால் இருக்காது. செல்போனில் இருந்தால் கல்யாணப் பந்தியில் வாய் நிறையச் சோறோடு இருக்கும். கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஹனீபா ஸ்டூடியோதான். ரேஷன் கார்டுக்கோ, பேங்குக்கோ, மகள் கல்யாணத்திலோ, என்றைக்காவது ஒரு நாள் அந்த ஆள் ஹனீபாவின் கேமராவுக்கு முன்னால் இருந்திருப்பார்.

இருபத்தாறு வருசமாக எடுத்த படங்களை ஹனீபா எங்கே வைத்திருந்தார் தெரியுமா? பிஸ்கட் டின்னில். பதினேழு ஹார்டு டிஸ்க். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, ‘2009 கல்யாணம்’, ‘பெருசு’, ‘இதப் பாக்கணும்’ என்று எழுதியிருக்கும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதையாக, டிஸ்க் அகப்பட்டால் அதற்குரிய வயர் அகப்படாது. மகள் சானியாதான் ஆல்பம் டிசைன் பண்ணுகிறவள். “அத்தா, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க” என்று அஞ்சு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பண்ணலாம் பண்ணலாம் என்று அவரும் அஞ்சு வருசம் ஓட்டிவிட்டார்.

போன வைகாசியில் மேகமலை எஸ்டேட்டில் ஒச்சாண்டி செத்துப்போனார். முப்பது வருசம் தேயிலையிலும் ஏலத்திலும் கிடந்த ஆள். உடம்பைச் சின்னமனூர் பக்கம் சொந்த ஊருக்கு இறக்கிவிட்டு, மச்சினன்காரன் ஹனீபாவிடம் ஓடி வந்தான். ஆறு வருசத்துக்கு முந்தி எஸ்டேட் கார்டுக்காக ஹனீபாவே மலைக்குப் போய் எடுத்த படம் ஒன்று இருந்தது. அந்த மனுசன் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுதான். டிஸ்க்கைச் சொருகினால் டக் டக்கென்று சத்தம் மட்டும் வருகிறது. அங்கே இங்கே மாற்றிப் பார்த்தார்கள், பிஸ்மில்லா சொல்லிப் பார்த்தார்கள், ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டு பேனர் அடித்துக் கொடுத்தார்கள்.

துட்டி கேட்கச் சாவு வீட்டுக்கு ஹனீபாவும் போனார். ஒச்சாண்டி பெஞ்சாதி ஜக்கம்மா அந்தப் பேனருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாதவளுக்குப் பேனரில் இருக்கிறது முகம் மட்டும்தான். “இதுல எம் புருசன் எங்கன இருக்காரு?” என்று கேட்டாள். ஹனீபா வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூணாம் நாள் சானியாவைக் கூப்பிட்டு, “சர்வர் வைக்கணும்னு சொன்னியேம்மா, யாரைக் கேக்கணும்?” என்றார்.

முதலில் மதுரையிலிருந்து சூரியபிரகாஷ் என்று ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப், மரியாதையான ஆள். ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாப்பது கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஹனீபா ஆமா, இல்லை என்று சொல்லச் சொல்ல டிக் அடித்துக்கொண்டார். மறு வாரம் பன்னிரண்டு பக்கத்தில் கொட்டேஷன் வந்தது, டிக் அடித்த படிவமும் கடைசியில் சேர்த்து. ஆள் உயரத்துக்கு ஒரு ரேக், அதில் பெரிய சர்வர், அதற்கென்று தனி அறை, அறைக்கு ஏசி. கடையே பத்தடிக்கு இருபதடி. அதில் எங்கே போய்த் தனி அறை கட்ட? குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி இருக்கிறதே என்று ஹனீபா மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான், பக்கத்து ஜூஸ் கடைக்காரர் உத்தமபாளையத்து அனிதா மேரியைச் சொன்னார்.

அனிதா மேரிக்கு ராயப்பன்பட்டி. அப்பா அந்தோணிமுத்து திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். இவள் பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தூசி தட்டி வைம்மா என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் மூடியைக் கழற்றி உள்ளேயும் தூசி தட்டிவிட்டாள். அன்றைக்கு வாங்கிய பிரம்படியை இப்போதும் பெருமையாகச் சொல்லுவாள். அப்புறம் டிப்ளமோ, தேனியில் ஒரு கடையில் ஒன்பது வருசம் வயர் இழுத்த வேலை, ஜீப் ஓட்டுகிற ஜஸ்டினோடு கல்யாணம், ரெண்டு பிள்ளை. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்தக் கடை போட்டு எட்டு வருசம் ஆகிறது. ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனால், போகிற இடத்தில் எல்லாம், “சார் வரலையாம்மா?” என்பார்கள். “சாரு ஜீப் ஓட்டப் போயிருக்காரு. வயரு இழுக்க நான்தான்” என்று சொல்லிவிட்டு ஏணியைச் சாத்துவாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடையாக இருந்தாலும் ஒரு நாள் முழுக்க அங்கே போய் உட்கார்ந்து பார்க்காமல் எதையும் வாங்கச் சொல்ல மாட்டாள். தொழில் தொடங்கின புதுசில் ஒரு அரிசி ஆலைக்கு, பார்க்காமலே சரக்கு எழுதிக் கொடுத்து, தவிட்டுத் தூசி ஏறி ஒரே மாசத்தில் அத்தனையும் மூச்சடைத்துப்போனது. பட்டால்தானே புத்தி வரும். அன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேர், லெமன் சாதம், நாப்பது பக்க நோட்டு, இந்த மூன்றும்தான் அவளுடைய படிவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹனீபா ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தாள். யார் எந்த மெஷினுக்கு எத்தனை தடவை போகிறார்கள், எந்த வயர் யார் காலில் தட்டுகிறது, எல்லாம் நோட்டில் ஏறியது. பக்கத்து ஜூஸ் கடையில் மிக்சி ஓடினால் இங்கே லைட் மங்குகிறது. மதுரைக்காரர் ரேக் வைக்கச் சொன்ன மூலையில் தண்ணீர்ப் பானை இருக்கிறது. கம்ப்யூட்டர் சூட்டுக்கு ஒரு பூனை வந்து அதன் மேலேயே படுத்துக்கிடக்கிறது. சானியா ஒரு கல்யாணத்தை இந்த சிஸ்டத்திலிருந்து அந்த சிஸ்டத்துக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டே வரலாம், அவ்வளவு மெதுவு. இன்டர்நெட் வயர் ரோட்டுக்குக் குறுக்கே தொய்ந்து தொங்குகிறது. திராட்சைக் கூடையை உயரமாக அடுக்கிக்கொண்டு போகிற லாரி மாசத்துக்கு ரெண்டு தடவை அதை இழுத்து அறுத்துக்கொண்டு போகிறதாம்.

அன்றைக்கு ராயப்பன்பட்டியில் குழாயில் தண்ணீர் விடுகிற நாள். அஞ்சரை மணிக்கு சேரை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சொன்னாள்: “பாய், ஒங்களுக்குப் பெரிய சர்வரும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். படத்தை எல்லாம் வெளியூர்ல இன்டர்நெட்ல ஏத்தி வைக்கலாம்னு சொல்லுவாக, அதுவும் நமக்குத் தோதுப்படாது. ஒரு கல்யாணத்தை ஏத்தி முடிக்கிறதுக்குள்ள நாலு லாரி வயரை அறுத்துப்புடும். அப்பிடியே ஏறிக் கெடந்தாலும், துட்டிக்காரக வந்து நிக்கும்போது லைன் இல்லன்னா என்ன செய்வீக?”

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற?”

சூரியபிரகாஷ் கொடுத்த பன்னிரண்டு பக்கத்தில் கடைசித் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் படம் வரைந்தாள். ரொட்டிப் பெட்டி உயரத்தில் ஒரு சின்னப் பொட்டி. உள்ளே ரெண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுகிறது அப்படியே இன்னொன்றிலும் எழுதும், ஒன்று செத்தாலும் மற்றது நிற்கும். பழைய வயரைப் பிடுங்கிவிட்டுப் புதுசு, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற வேகமான ஸ்விட்ச் ஒன்று, ஒரு யூபிஎஸ். பரண் மேல் வைத்தால் பானையும் எட்டாது, பூனையும் எட்டாது. அப்புறம் மூணு தெரு தள்ளி, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற ஹனீபா வீட்டில் இதே மாதிரி இன்னொரு பொட்டி. கடையில் அன்றைக்கு எடுத்த படம் எல்லாம் லைன் வழியாக ராத்திரி பதினோரு மணிக்குத் தானாக வீட்டுக்குப் போய்விடும். ஒருநாள் லைன் அறுந்தாலும் மறுநாள் சேர்த்துப் போகும். போவதில் ஏதாவது தடங்கல் என்றால் அனிதா செல்லுக்கு மெசேஜ் வரும்.

“கடையே எரிஞ்சு போனாலும் வீட்டுல இருக்கும் பாய்” என்றாள்.

“எரியிறதப் பத்தி மட்டும் பேசாத தங்கச்சி” என்றார் ஹனீபா சட்டென்று. பேச்சுக்குச் சொன்னால்கூட இந்த மனுசனுக்குப் பயம் என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

ஆடி மாசம், காற்று ஆளைத் தள்ளுகிறது, அந்த நேரத்தில் ஏணி போட்டு ஏறி வேலையை முடித்தாள். பிஸ்கட் டின்னிலிருந்து பொட்டிக்குப் படங்களை ஏற்ற மூணு நாள் ஆயிற்று. பதினாறு டிஸ்க் பேசியது, ஒச்சாண்டி இருந்த டிஸ்க் மட்டும் பேசவே இல்லை. ராத்திரியும் ஓட வேண்டும் என்பதால் மூணு ராத்திரியும் ஹனீபா கோரைப்பாயை விரித்துக் கடையிலேயே படுத்துக்கொண்டார். பொட்டி மேல் இந்த மனுசனுக்கு இத்தனை ஆசையா என்று அனிதாவுக்கு ஒரே ஆச்சரியம். மூணு ராத்திரியும் பதினோரு மணிக்குக் கடைப் படம் ஒழுங்காக வீட்டுப் பொட்டிக்குப் போனது. சோதனை முடிந்தது, சுபம் என்று நோட்டில் எழுதினாள்.

அந்த வாரமே ஜக்கம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. “போட்டோ பாயி, எனக்கு இப்பவே ஒரு படம் எடுத்து வச்சிரு. அந்தாளுக்கு வெளக்க வச்ச மாதிரி எனக்கும் எதையாச்சும் வச்சிருவீக” என்றாள். ஹனீபாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறு பேச்சில்லாமல் லைட்டைப் போட்டார். அவள் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பழைய கம்பிளி. எஸ்டேட்டில் மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலைக்குப் போவார்களே, அந்தக் கறுப்புக் கம்பிளி, ஓரத்தில் சிவப்பு நூலால் ஒட்டுப்போட்டது. ஒச்சாண்டியுடையது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“மூஞ்சிதான் எங்கனயும் இல்லாமப் போச்சு. இதாவது எம்பக்கத்துல இருக்கட்டும். பாத்தா அவுகன்னு எனக்குத் தெரியும்.”

படம் எடுத்ததும் சானியா பிரிண்ட் போட்டுக் கொடுக்கப் போனாள். ஜக்கம்மா வேண்டாம் என்றுவிட்டாள். சாவுப் படத்தை உயிரோடு இருக்கும்போது வீட்டில் வைக்கக் கூடாதாம். வைத்தாலும் மலை ஈரத்தில் காகிதம் பூத்துப்போகும். “இங்கனயே இருக்கட்டும். நான் போனா எம் மக வந்து வாங்கிக்கிருவா. தொலைச்சிர மாட்டீகளே?”

பரண் ஓரம் வயர் கட்டிக்கொண்டிருந்த அனிதா ஏணியிலிருந்தே குனிந்து சொன்னாள்: “ஆத்தா, கவலைய விடுங்க. இங்கன ரெண்டு இடத்துல இருக்கு, பாய் வீட்டுல ஒண்ணு போய் உக்காந்துக்கிரும். இனி ஒங்க படமும் போகாது, அந்தக் கம்பிளியும் போகாது.”

ஜக்கம்மா பரணை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாள். பொட்டியைக் கும்பிட்டாளா அனிதாவையா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. துட்டிக்காரர்கள் வந்து பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள் சானியா முகத்தை எடுத்துத் திரையில் நிறுத்திவிடுவாள். ஊரே மெச்சியது. அனிதாவின் செல்லுக்கு ஹனீபா ஸ்டூடியோவிலிருந்து ஒரு மெசேஜ்கூட வரவில்லை. தடங்கல் என்றால்தானே மெசேஜ்? சத்தமில்லை என்றால் சுகம் என்று அவள் வேறு வேலையைப் பார்த்தாள்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை சானியா போன் பண்ணினாள். “அக்கா, ஒரு டிஸ்க்குல செவப்பு லைட் எரியுது.” அனிதா பதறவில்லை, அதற்குத்தான் ரெண்டு வைத்திருக்கிறது, நாளைக்குப் புதுசு கொண்டுவந்து மாற்றுகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் ரெண்டாவதிலும் சிவப்பு. ரெண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது, ஒரே அட்டைப் பெட்டியில் வந்தது. கூடப் பிறந்தது கூடவே போய்விட்டது. “சரி, வீட்டுப் பொட்டி இருக்குல்ல” என்று லேப்டாப்பிலிருந்து அதைத் திறந்தாள். ஆடி மாசத்து மூணு நாளோடு நின்றிருந்தது. அதற்கப்புறம் ஒரு படம்கூட அங்கே போய்ச் சேரவில்லை.

லைனைப் பார்த்தாள், சரி. வயரைப் பார்த்தாள், சரி. பதினோரு மணி என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள், அதுவும் சரி. என்ன குறை என்றே பிடிபடவில்லை. தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டரை. ஹனீபா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, கொஞ்சம் வெளிய வாறியா? ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துர்றேன்.”

“போயிட்டு வாங்க பாய், நான் இருந்து பாத்துக்கிர்றேன்.”

“நீ இரு. ஆனா இருட்டுல என்னத்தப் பாப்ப?” என்றார். சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போய், பிஸ்மில்லா என்று சொல்லி, மெயின் சுவிட்ச் கைப்பிடியைக் கீழே இழுத்தார். லைட், ஃபேன், கம்ப்யூட்டர், எல்லாம் போயிற்று. பரண் மேலே யூபிஎஸ் மட்டும் கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

அனிதா எழுந்து நின்றுவிட்டாள். “என்ன பாய் செஞ்சீக?”

“மெயின ஆஃப் பண்ணேன்.”

“ஏன்?”

“என்ன கேள்வி இது? கடையப் பூட்டுனா மெயின இழுக்காமயா போவாக?”

“அப்ப ராத்திரி?”

“ராத்திரி மட்டும் இழுக்காமயா?”

பதினெட்டு வருசத்துக்கு முந்தி அந்த வீதியில் ஒரு ஜவுளிக்கடை, பூட்டின கடைக்குள் வயர் பற்றி, விடியுமுன்னே சாம்பலாகிவிட்டது. அன்றிலிருந்து வீதிக்காரர்கள் எல்லோரும் ஷட்டரை இறக்குமுன் மெயினை இழுத்துவிடுவது வழக்கம். இதை யாரும் யாருக்கும் சொல்லுவதில்லை. சட்டை போட்டுக்கொண்டு வெளியே வா என்று யாராவது சொல்லுகிறார்களா? ராத்திரி ஒன்பது மணிக்கு மெயின் இறங்கும். யூபிஎஸ் இருபது நிமிசம் கத்திவிட்டுச் சாகும். அதோடு பொட்டியும் எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுச் சாகும். பதினோரு மணிக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு போக அங்கே யாரும் விழித்திருப்பதில்லை. தடங்கல் என்று மெசேஜ் அனுப்பவும் உயிர் வேண்டுமே? அஞ்சு மாசம், தினம் ஒருதரம், வெள்ளிக்கிழமை ரெண்டுதரம், இப்படி மூச்சுத் திணறி ரெண்டு டிஸ்க்கும் போய்ச் சேர்ந்தன. அந்த மூணு ராத்திரி ஹனீபா கடையில் படுத்தது பொட்டி மேல் ஆசையால் இல்லை. மெயினைப் போட்டுவிட்டுக் கடையைப் பூட்ட அவருக்குப் பயம்.

“இதை எங்கிட்ட ஏன் சொல்லல பாய்?” என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. ஏனென்றால் உத்தமபாளையத்தில் தன் கடையைப் பூட்டும்போது அவளும்தான் மெயினை இழுக்கிறாள். எட்டு வருசமாக. நேற்றுக்கூட. செய்கிற கைக்கே தெரியாமல் செய்கிறதைப் பற்றி யார் யாரிடம் கேட்பது?

ஹனீபாவுக்கு ஜும்மாவுக்கு நேரமாயிற்று. போகிறவர் நின்று, மேசை டிராயரைத் திறந்து, “அந்த மதுரைத் தம்பி இதக் கேட்டுச்சே” என்று ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் அவள் வரைந்த படம். இந்தப் பக்கம் சூரியபிரகாஷின் படிவம். முப்பத்தொன்றாவது கேள்வி: கடை மூடிய பிறகு மின்சாரம் இருக்குமா? இல்லை என்ற கட்டத்தில் டிக். அந்த டிக்குக்கு நேர் பின்னால்தான் அவள் ‘ராத்திரி 11’ என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள்.

படிவம் என்றால் கேலி, நாங்கள் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் என்று பெருமை. உட்கார்ந்தவள் ஷட்டர் இறங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டாமா? யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகலாம். அனிதாவுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு சூரியபிரகாஷுக்கே போன் பண்ணினாள். அவர் குத்திக்காட்டவில்லை, டிஸ்க்கைப் பிரித்துப் படத்தை மீட்கிற ஒரு இடத்துக்கு விலாசம் கொடுத்தார். அனுப்பினார்கள். பத்து நாளில், முடியாது என்று பதில் வந்தது.

அதற்குள் அனிதா ஏற்பாட்டை மாற்றிவிட்டாள். ஊரைத் திருத்தப் போக வேண்டாம், நேரத்தைத் திருத்தினால் போதும். வீட்டுக்குப் படம் போகிறது இனிமேல் காலை பதினொன்றுக்கும் சாயங்காலம் நாலுக்கும், கடை திறந்திருக்கிற நேரத்தில். மெயினை இழுக்குமுன் பொட்டியை முறைப்படி அணைக்க வாசல் பக்கத்திலேயே ஒரு பட்டன். போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்தது என்று தினம் ரெண்டு மெசேஜ் வர வேண்டும், வராவிட்டால் அவள் கிளம்பிவிடுவாள். புது டிஸ்க் ரெண்டையும் வேறு வேறு ஊரில் வாங்கினாள்.

அஞ்சு மாசத்தில் போனது என்ன என்று சானியா ரசீது புக்கை வைத்துக்கொண்டு கணக்கெடுத்தாள். கல்யாணக்காரர்கள் ஆல்பம் வாங்கிப் போய்விட்டார்கள். பாஸ்போர்ட் சைஸ் எடுத்தவர்கள் ஆளுக்கு எட்டுப் பிரிண்ட் கொண்டுபோயிருக்கிறார்கள். எல்லோரிடமும் காகிதம் இருக்கிறது. காகிதம் வேண்டாம் என்று சொன்னது ஒருத்திதான்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டின் ஜீப்பை எடுத்தான். ஹனீபா கேமராவையும், மண்டபத்தில் உடனுக்குடன் படம் போட்டுக் கொடுக்கிற சின்ன பிரிண்டரையும் மடியில் வைத்துக்கொண்டார். சின்னமனூரிலிருந்து வளைவு வளைவாக ஏறினார்கள். ரோடு போட்டாச்சு என்று சொன்னார்கள், மேலே போகப் போக ஜீப் பழைய ரோட்டில்தான் குதித்தது. அனிதா எப்படிச் சொல்லுவது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் யோசித்து, அடுத்த வளைவில் அதை விட்டுவிட்டாள்.

எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் ஜக்கம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள். “யாரு, போட்டோ பாயா? நான் இன்னும் சாகலையே, அதுக்குள்ள எதுக்கு வந்தீக?”

ஹனீபா வாயைத் திறக்குமுன் அனிதா சொல்லிவிட்டாள். “ஆத்தா, ஒங்க படம் போயிருச்சு. பொட்டி கெட்டுப்போச்சு. பாய் மேல குத்தமில்ல, தப்பு என்னோடது. பத்திரமா இருக்கும்னு நான்தான் ஒங்களுக்குச் சொன்னேன்.”

ஜக்கம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். “அட, இதுக்கா இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீக? மூஞ்சி இங்கனதான இருக்கு. போனாப் போகுது, இன்னொண்ணு எடு.”

அனிதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஹனீபாவும் சிரித்துவிட்டார். சுவரோரம் வெளிச்சம் பார்த்து முக்காலியைப் போட்டு, கேமராவைத் துடைத்துக்கொண்டே, “வேற சேலை கட்டணும்னா கட்டிக்கிடுங்க. அந்தக் கம்பிளியவும் எடுத்துத் தோள்ல போட்டுக்கிடுங்க” என்றார்.

ஜக்கம்மா முக்காலிக்குப் போகவில்லை.

“கம்பிளி இல்ல பாயி.”

“எங்க?”

“கார்த்திகை மழையில போட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன். முந்தி அதத் தொடவே மாட்டேன், ஆணியிலதான் தொங்கும். அதான் படத்துல ஏறிருச்சே, மூணு எடத்துல இருக்குன்னு இந்தப் பிள்ள சொல்லுச்சே, இனி எதுக்குச் சும்மா தொங்கணும்னு போட்டேன். பழசுதான? நைஞ்சு நாராப் போச்சு. மிச்சத்தக் கோழிக்கு விரிச்சு விட்டேன்.”

மன்னிச்சிருங்க ஆத்தா என்று அனிதா வாயெடுக்குமுன், ஜக்கம்மாவே போய் முக்காலியில் உட்கார்ந்து, “எடு பாயி, வெயில் போயிரும்” என்றாள்.

ஹனீபா எடுத்தார். ஒன்றுக்கு மூணாக எடுத்தார். ஜீப்பின் பானட்டில் பிரிண்டரை வைத்துப் படம் போட்டு, அனிதாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்தத் தடவை ஜக்கம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெண்டு கையிலும் பிடித்து, தள்ளி வைத்து, கிட்டத்தில் வைத்து, வெகு நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு தாயி” என்றாள். “நான் மட்டும் இருக்கேன்.”